ஐந்தாம் துளையில் மஞ்சள் தண்ணீர்

ஜனவரி 6, திங்கள்

டெல்லி மூடுபனி. சைட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் துப்பட்டா ஈரம். குரோமிய முலாம் பூசும் ஃபேக்டரி இருந்த இடம். ஷெட்டை இடித்து மேலே மண் கொட்டியாயிற்று. இனி நாலு மாடி வீடுகள். அதற்குமுன் துளை போட்டு, மண் எப்படி என்று சொல்வது என் வேலை.

முதல் நாலு துளை பரவாயில்லை. மேலே இடித்த செங்கல், கீழே வண்டல். ஐந்தாவது, பழைய தொட்டி இருந்த பக்கம். தண்ணீர் மஞ்சளாக வந்தது. துளை போடும் ராம்பாபு எட்டிப் பார்த்து, "மேடம், யே தோ ஹல்தி ஹை!" மஞ்சள்பொடியாம். சிரிப்பு வேறு. தொடாதீங்க என்று கத்திவிட்டேன். எல்லோருக்கும் கையுறை. தண்ணீர் இரண்டு பாட்டில், மண் ஒரு பை, லேபுக்கு.

வாங்க: முள்ளங்கி, தயிர். கேஸ் புக் பண்ண.

ஜன. 7

வெயிலே இல்லை. எங்கள் கம்பெனி முதலாளி குப்தா சார் சைட்டுக்கே வந்தார். "ஐந்தாவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க. நல்ல தண்ணி வரும்."

"அங்க குழந்தைங்க பூங்கா வருது சார்."

"பூங்காதானே? வீடு இல்லையே?"

சரி, தள்ளியும் போட்டேன். ஆறு என்று பெயர் வைத்தேன். ஐந்து ஐந்தாகவே இருக்கும். ஆறிலும் மஞ்சள். கு. முகத்தைப் பார்க்கணுமே.

மாலை மீனா போன். சேகரின் தங்கை, என் நாத்தனார். "மதினி, நாங்க புக் பண்ணின இடத்துலதான் தோண்டுதீங்களாமே!" தரைத்தளம். மகன் ஓடி விளையாடணுமாம். லேப் சொல்லட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். கஷ்டம்.

ஜன. 10, வெள்ளி

லேப் சொல்லிவிட்டது. குரோமியம், அதிலும் மோசமான வகை. தூசியாக மூச்சில் போனால் புற்றுநோய் வரை.

கு.: "பில்டர் கேட்டது மண் வீட்டைத் தாங்குமான்னு. தாங்கும். அதை மட்டும் எழுதுங்க."

"வீட்டைத் தாங்கும் சார். அந்தத் தூசியில விளையாடற குழந்தை தாங்காது."

"அப்ப வேற ஆள் கையெழுத்துப் போடுவார்."

"போடட்டும். நான் பார்த்ததை நான் அனுப்புவேன்."

லேப் தாளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

ராத்திரி மீனாவிடம் சொன்னேன். அழுதாள், பிறகு கத்தினாள். "டெல்லியில எந்த மண்ணு சுத்தம்? கோல் மார்க்கெட்ல கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கிட்டு நீங்க பேசுவீங்க!" போனை வைத்துவிட்டாள். வலித்தது. பாதி நிஜம், அதனால்.

சேகர்: "அனுப்பினா வேலை போயிடும்."

"போகட்டும்."

"அச்சா." எழுந்து போய் டீ போட்டார்.

ஜன. 11

அனுப்பியாயிற்று. பில்டருக்கு, மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு. கு.வுக்கும் ஒரு காப்பி. ஒளிந்து செய்கிற வேலை இல்லை இது.

ஜன. 13, போகி

இனி வரவேண்டாம் என்று கு. மெசேஜ். சைட் பூட்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழசு எல்லாம் கழிக்கிற நாள். இதைக் கழிக்க மாட்டேன்.

பில்டர் போன், பயங்கர மரியாதையாக: "மேடம், டெல்லியில இனி யாரும் உங்களைக் கூப்பிட மாட்டாங்க."

"நம்பரை மாத்த மாட்டேன் சார். கூப்பிடறவங்க கூப்பிடட்டும்."

பொங்கலுக்கு வெல்லம் வாங்கணும். மீனாவிடமிருந்து பேச்சில்லை.

ஜன. 14

பொங்கல் குழைந்துவிட்டது. மீனா வரவில்லை. சேகர் இரண்டு தரம் வாசலைப் பார்த்தார்.

ஜன. 20, திங்கள்

குளிர் குறையவில்லை. ராம்பாபு போன் பண்ணினார். அதிகாரிகள் வந்து அவர்களே தண்ணீர் எடுத்துப் பார்த்தார்களாம். கட்டுமானத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்களாம். தொட்டிப் பக்கத்து மண் முழுவதையும் அள்ளி அப்புறப்படுத்தும்வரை ஒரு செங்கல் வைக்கக் கூடாது. "சப் ருக் கயா, மேடம்!" எல்லாம் நின்றுபோச்சாம். அவருக்கும் ரெண்டு நாளாக வேலை இல்லை, ஆனால் குரலில் குஷி.

வேலை கேட்டு மூன்று இடத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. நாளையும் எழுதுவேன்.

நாலு மணிக்கு மீனா போன். ஹலோகூட இல்லை, ஒரே கூச்சல். பில்டர் ஆபீஸில் நிற்கிறாள், வீடு புக் பண்ணின இன்னும் சில பெண்களோடு. நான் கேட்கட்டும் என்று லைனை வெட்டாமல் வைத்திருக்கிறாள். யாரோ ஒரு ஆள், அந்த மேடம் பொய் சொல்கிறார், மண் சுத்தம் என்கிறான்.

மீனா: "சுத்தமா? உங்க பிள்ளையைக் கூட்டிட்டு வந்து அங்க விளையாட விடுங்க, பார்க்கலாம். என் மதினி பொய் சொல்ல மாட்டா!"

எல்லாம் ஹிந்தியில். 'மதினி' மட்டும் தமிழில்.