சட்டியின் அடியில் இருந்த பெயர்

என் வீட்டுக்காரிக்கு,

நம்புவாயா, இது நானே எழுதியது! யாரும் என் கையைப் பிடிக்கவில்லை.

நாளை அறுவடைச் சாப்பாடு. அப்பாவின் பழைய வார்ப்பிரும்புச் சட்டியைக் கவிழ்த்துத் தேய்த்தேன். அடியில் வார்த்திருந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தேன். தம்பியின் பெயர்.

அன்று பண்ணையில் படிக்கத் தெரிந்தவள் நீ மட்டும்தான். "உங்க பேருதாங்க போட்டிருக்கு" என்றாய். அதை நம்பித்தான், சட்டி தன்னுடையது என்றவனைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி விரட்டினேன்.

பிறகு அவன் ஆள்வைத்து எழுதி அனுப்பிய கடிதங்களையும் நீதான் படித்தாய். "இந்தப் பக்கமே வரமாட்டாராம்" என்றாய்.

அவற்றை நீ பூட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்துவிட்டேன். ஏழு கடிதங்கள். மெதுவாகத்தான் படிக்க வருகிறது. நீ மகள் வீட்டிலிருந்து வருவதற்குள் முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
இப்போது படிக்கத் தெரிந்த உன் கணவன்