வரிசைத் தட்டில் குறைந்த லட்டுகள்

ஜூன் 8, 2025, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்து டிவியைப் போட்டால் என் வீட்டுக்காரர் ஜஸ்டஸ் கதை, வசனம் எழுதிய படம். மாப்பிள்ளை வீட்டார் போகும் பஸ் மலைப்பாதையில் நின்றுபோகிறது, அவ்வளவுதான் கதை. ஆறு வருஷத்துக்கு முன் நாலே நாள் ஓடியது. திருவண்ணாமலை தியேட்டரில், இடைவேளையில், "எங்க சிரிக்கணும்னு கொஞ்சம் சொல்லிடுங்க" என்றேன் அவரிடம். முன்வரிசைக்காரர்கள் அதற்குத்தான் சிரித்தார்கள். படத்துக்கு இல்லை.

அப்புறம் அவர் எழுதவே இல்லை. எனக்கு ஜமுனாமரத்தூர் பள்ளியில் வேலை என்பதால் கூடவே மலையேறி வந்து ஜெராக்ஸ் கடை வைத்தார். இந்த மார்ச்சில் கலசப்பாக்கத்துக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. சண்டைகூட இல்லை.

இன்றும் சிரிப்பு வரவில்லை. அணைத்துவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்
மொபைலில் தேடி மறுபடி பார்த்தேன். ஏன்? எவ்வளவு மட்டம் என்று உறுதி செய்துகொள்ளத்தான்.

ஜூன் 14, சனி
மூன்றாம் முறை. தட்டில் லட்டு குறைகிறது! மாப்பிள்ளையின் அப்பா போனில் "இதோ வந்துட்டோம்" என்று புளுகும்போதெல்லாம், பின்சீட்டில் அத்தை மடியிலுள்ள வரிசைத் தட்டிலிருந்து ஒரு லட்டு காணாமல் போகிறது. படத்தில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. கடைசியில் பெண் வீட்டு வாசலில், தட்டை மூடிய துணியை அந்த அத்தையே அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகத்தில் அவ்வளவு பக்தி.

தனியாக, சத்தமாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எரிச்சல். இதை ஏன் பின்சீட்டில் ஒளித்து வைக்க வேண்டும்? முன்னால் வைத்திருந்தால் நாலு பேர் சிரித்திருப்பார்களே — நானும்.

ஜூன் 19, வியாழன்
ஐந்தாம் முறை. அந்த அத்தை எதைச் சொன்னாலும் முதலில் "நான் இன்னா சொல்லப் போறேன்" என்கிறாள். உடனே டிரைவர் பாட்டை நிறுத்துகிறார். ஆண்கள் ஆளுக்கொரு இடம் பார்த்து உட்கார்ந்துகொள்கிறார்கள். நீளமாகக் கேட்க வேண்டுமே.

அது என் வார்த்தை. என் இழுவை. என்னை எழுதி வச்சிருக்கார், பாவி மனுஷன்.

அந்த பஸ்ஸில் கடைசியில் நடப்பது அவள் சொன்னது மட்டும்தான். அதையும் இன்றுதான் கவனித்தேன்.

ஜூன் 22, ஞாயிறு
போன் செய்தேன். லட்டு, டிரைவர், எல்லாம் சொன்னேன். முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதின அன்னிக்கே உனக்குப் படிச்சுக் காட்னேன் மெர்சி. நீ துணி மடிச்சிக்கினே, பால்காரர் வந்தாரான்னு கேட்ட."

எனக்கு நினைவில்லை. கொஞ்சம்கூட நினைவில்லை — அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்
பள்ளிக்குப் போகவில்லை.

ஜூலை 20, ஞாயிறு
மார்த்தாள் அக்கா பேசினார், ஜஸ்டஸின் அண்ணி. ஜஸ்டஸ் திரும்ப எழுதுகிறாராம். பழைய சிநேகிதர் ஒருவர் படம் எடுக்கிறாராம். காலையில் எழுதியதை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டுகிறாராம்.

என்ன கதை என்று கேட்டேன்.

"தம்பி உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு. நான் இன்னாம்மா பண்றது?"

சரிக்கா என்றேன். சிரிப்பு வருகிறதா என்று மட்டும் கேட்டேன்.

"அத்த ஏன் கேக்கற, வூட்ல ஒருத்தருக்கும் சோறு எறங்கல" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அடங்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.