மருந்து இறங்கிய பிறகு

மார்ச் 4, திங்கள்

போன வாரம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் அப்பாவின் வலது கையில் செம்பனை முள் ஏறி முறிந்தது. குலை வெட்டுகிறவனுக்கு இது சகஜம் என்று உப்புத் தண்ணீரில் முக்கிக்கொண்டே இருந்தார். இன்று மோதிர விரல் கத்தரிக்காய் மாதிரி. லாபுவிலிருந்து சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

விரல் போனால் குலை வெட்டும் கம்பைப் பிடிக்க முடியாது. அதைத்தான் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 5

தூக்கமில்லை.

மார்ச் 6, புதன்

சொட்டு மருந்து அடிக்கடி ஏறுகிறது. ஜென்டாமைசின் ஊசி மட்டும் நாளுக்கு ஒன்று. ஏன் ஒன்று என்று அப்பாவுக்குச் சந்தேகம். பக்கத்துப் படுக்கை மதார் மைதீன், அம்பாங்கானில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர், “ஸ்டாக் முடிஞ்சிருச்சு போல லா” என்றார்.

நுண்ணுயிரியல் படித்தவள் நான். விளக்கினேன். ஊசி மருந்து ரத்தத்தில் உச்சத்துக்கு ஏறும், பிறகு இறங்கிவிடும். இறங்கிய பின்னும் மிஞ்சிய கிருமிகள் பல மணி நேரம் பெருக முடியாமல் கிடக்கும். அடிபட்டவை எழ நேரம் வேண்டும். அதற்குள் சிறுநீரகத்துக்கும் ஓய்வு.

“அப்ப மருந்து போனாலும் மயக்கம் போவாது.”

“ஆமாப்பா. ஆனா எல்லா மருந்தும்—”

“போதும். புரிஞ்சிருச்சு.”

அவர் போதும் என்றால் நிறுத்திவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம்.

மார்ச் 7

பாடத்தில் ஒரு வரைபடம் இருந்தது. மருந்தின் கோடு சரிந்து சரிந்து காணாமல் போகும். கிருமியின் கோடு அதன் பிறகும் தரையிலேயே கிடக்கும்.

பிரஷர் வந்த பிறகு, டாக்டர் சொல்லி, அப்பா கத்துவதை விட்டுவிட்டார். தட்டு பறப்பதில்லை. வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் அம்மா டிவி ஒலியைக் குறைக்கிறார்.

நான்? ரிமோட்டைத் தேடி எடுத்துக் கொடுக்கிறேன்.

மார்ச் 11, திங்கள்

வீடு. வீக்கம் வற்றியிருக்கிறது. கிளாக்சசிலின் மாத்திரை, நாளுக்கு நான்கு வேளை. வேலைக்குப் போகாமலிருக்க எம்.சி., மருத்துவ விடுப்புச் சீட்டு.

மார்ச் 14

தவக்காலம். அப்பா ஒருசந்தி இருக்கிறார், நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. நோயாளிக்கு வேண்டாம் என்று பங்குச் சாமியார் சொல்லியும் கேட்கவில்லை.

மாத்திரை அவ்வளவாகக் குறையவில்லை. கேட்கலாமா? அம்மா கண்ணாலேயே தடுத்தார்.

கேட்கவில்லை.

மார்ச் 16, சனி

விரல் மறுபடி சிவப்பு. தொட்டால் சுடுகிறது. கேட்டுவிட்டேன்.

“மாத்திர போட்டீங்களா?”

“போட்டேன்லா. சாப்பாட்டோட ஒண்ணு.”

“நாலு வேளப்பா.”

“ஒருசந்தில ஏது நாலு வேள? நீதான சொன்ன, மருந்து போனாலும் கிருமி மயங்கிக் கெடக்கும்னு. ஆண்டவருக்கும் ஆச்சு, ஒடம்புக்கும் ஆச்சு.”

அது அந்த ஊசி. இந்த மாத்திரை இறங்கினால் கிருமிகள் சீக்கிரமே எழுந்துவிடும். அதற்குத்தானே நான்கு வேளை. வார்டில் பாதியில் நின்றுபோன என் வாக்கியம் இதுதான்.

இப்போது முழுதாகச் சொன்னேன். குரல் உயர்ந்தது. என் குரல்.

“போதும்” என்றார்.

“போதாதுப்பா. கார்ல ஏறுங்க.”

அம்மா அடுப்பை அணைத்தார். இப்போது ஏதாவது பறக்கும் என்று நின்றேன் — இருபத்து நான்கு வயதில், தோளைக் குறுக்கிக்கொண்டு.

அப்பா சட்டையைத் தேடினார்.

மார்ச் 18

விரலைக் கீறிச் சீழ் எடுத்தார்கள். விரலைக் காப்பாற்ற முடியுமா? கறுத்தால் எடுக்க வேண்டிவரும், பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

மதார் மைதீன் இன்னும் அங்கேதான். “வாங்க யாகப்பன், ஊசி ஸ்டாக் வந்துருச்சு.” அப்பா சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20

கறுக்கவில்லை. விரல் இன்னும் கறுக்கவில்லை.

மார்ச் 31, ஈஸ்டர்

வீட்டில்தான் ஈஸ்டர். மாத்திரை நேரம் வந்தால் அம்மா தண்ணீரோடு போய் நிற்கிறார். விழுங்கும்வரை நகர்வதில்லை.

“போயேன் மரியா.”

“முழுங்குங்க. போறேன்.”

மே 6, திங்கள்

விரல் இருக்கிறது. முழுதாக மடங்கவில்லை. இனிக் கம்பு பிடிக்க முடியாது. வேலையைப் பார்த்துக்கொள்ளும் மண்டோர் அவரை உதிரிப் பழம் பொறுக்க விட்டிருக்கிறார். இன்றுதான் முதல் நாள்.

மாலையில் மோட்டார் சத்தம். அம்மாவின் கை ரிமோட்டுக்குப் போனது. எடுத்தார். மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னா படம்?” என்று வாசலிலிருந்தே கேட்டார் அப்பா.

டிவியை விடச் சத்தமாக அம்மா சொன்னார்: “பாதில வந்து கேட்டா எப்படிலா சொல்றது? கைய கழுவிட்டு வந்து ஒக்காந்து பாருங்க.”