ஒதுக்கி வை என்று எழுதினாய்

செடெனாக் தோட்டம்
பவ வருஷம் மார்கழி 12

அன்பு மகன் சிரஞ்சீவி ராஜசேகரனுக்கு அப்பா ஐயாசாமி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் இங்கே கஞ்சிக்கும் காற்றுக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம், தைப்பிங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறோம். நீ அனுப்பிய பனியன் இரண்டும் வந்தது. ஒன்று எனக்குப் பொருத்தம், இன்னொன்றில் என்னோடு இன்னொரு ஆளையும் நுழைக்கலாம், பரவாயில்லை, உன் அம்மா பிடித்துத் தைத்துவிட்டாள். மழை விடவில்லை. ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை, லயத்து வீடுகளில் உட்கார்ந்து ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாட்டுக் கொட்டகைக்காரனுக்கு ஏது மழை ஏது வெயில், நான் வழக்கம்போலச் சாணியும் கோமியமுமாகத்தான் இருக்கிறேன். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. அது குறையாததும் நல்லதற்குத்தான் என்று இந்த மாதம் தெரிந்துகொண்டேன், ஏன் என்று கீழே எழுதுகிறேன்.

சேகரா, ஒரு மாடு செத்துப்போய்விட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், மூன்றாவது லயத்து செல்லத்தின் மாடு. செல்லத்தை உனக்கு நினைவிருக்கும், புருஷன் காய்ச்சலில் போனபிறகு இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பால் வெட்டிப் பிழைக்கிறவள். அந்த வீட்டில் சொத்து என்று சொன்னால் அந்த ஒரு கருப்பு மாடுதான், இந்த ஊர்க் குட்டை ஜாதி, என் இடுப்பு உயரம்கூட வராது, நாளுக்கு ஒன்றரைப் போத்தல் கறக்கும், ஆனால் வருஷம் தவறாமல் ஈன்றுகொண்டு எந்த நோயும் அண்டாமல் இருந்தது. இந்த மாதம் இரண்டாம் தேதி விடியும்போது வலி எடுத்தது. கன்றின் முன்கால் இரண்டும் வெளியே தெரிந்தன, தலை வரவில்லை. நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தேன், கையை உள்ளே விட்டுத் திருப்பப் பார்த்தேன், திரும்ப இடமே இல்லை. கன்றின் காலில் சணல் கயிறு கட்டி நாலு ஆள் பிடித்து இழுத்து உச்சி வேளைக்குக் கன்றை எடுத்தோம். கன்று பிழைத்துவிட்டது. தாய் அதை ஒரே ஒரு தடவை நக்கிக்கொடுத்தது, அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை, மறுநாள் காலையில் போய்விட்டது. நாற்பது வருஷமாக மாட்டோடு இருக்கிறேன், எத்தனையோ மாடு என் கையில் செத்திருக்கிறது. இது மட்டும் நானே கொன்றது.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று கேட்பாய். போன பங்குனியில் தொரை சிங்கப்பூரிலிருந்து பஞ்சாப் காளையை இறக்கினாரே, அப்போது உன்னிடம் யோசனை கேட்டு எழுதினேன். மாட்டு வைத்தியர் ஆபீஸில் வேலை பார்க்கிற பிள்ளை, அவனைவிட யாருக்குத் தெரியும் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. நீ ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தாய், எந்த மாடு எவ்வளவு கறக்கிறது என்று தினமும் அளந்து எழுதிவை, நல்ல கறவையின் கிடேரியை விற்காதே, பொலிகாளை ஒன்று நல்லதாக இருந்தால் போதும் என்றெல்லாம். அதில் ஒரு வரி, புதுக்காளை வந்ததும் குட்டை மாடுகளை ஒதுக்கி வையுங்கள் என்று இருந்தது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பந்தியில் பெரியவர்களுக்கு வாழையிலையை ஒதுக்கி வைப்பதுபோல, அந்தக் காளைக்கென்று குட்டை மாடுகளை முதலில் ஒதுக்கச் சொல்கிறாய் என்று நினைத்தேன். குட்டைக்குத்தானே உயரம் வேண்டும், கறக்காத மாட்டுக்குத்தானே கறவை வேண்டும், பையன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று மனசு துள்ளியது. கடிதத்தை மடியில் வைத்திருந்தால் போதாதா, தவளை தன் வாயால் கெடும் என்கிற மாதிரி கணக்கு எழுதுகிற கிராணி சபாபதியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் அதை அப்படியே தொரைக்கு இங்கிலீஷில் சொன்னார், நான் புரிந்துகொண்டபடியே சொன்னார், என்னிடம்தான் அர்த்தம் கேட்டார். தொரை என் தோளைத் தட்டி, ஐயாசாமி மவன் ரொம்ப கெட்டிக்காரன் என்று தமிழில் சொன்னார். அந்த வார்த்தைக்காக நான் அன்றைக்குத் தோட்டத்தையே எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த மாதமும் அடுத்த மாதமுமாக லயத்துக் குட்டை மாடுகள் மூன்றைக் காளைக்கு விட்டேன். அதில் முதலாவது செல்லத்தின் மாடு. மூன்றாவது நம்முடைய சிட்டு.

ஆமாம், சிட்டுவும்தான். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து புல் அறுத்துப் போட்டு வளர்த்தாயே, அதே சிட்டு. தைப்பூசம் கழிந்து ஒரு வாரம் பத்து நாளில் ஈன்றுவிடும். நடுவில் இருந்த இன்னொரு மாட்டுக்குச் சினை நிற்கவில்லை, அதைக் கடவுள் காப்பாற்றினார், என்னிடமிருந்து காப்பாற்றினார்.

செல்லத்தின் மாட்டைக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்துவிட்டு வந்து, குளித்த ஈரம்கூடக் காயாமல் உன் கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். எத்தனையோ தரம் படித்த கடிதம்தான். அன்றைக்குப் படிக்கும்போது அந்த வரி வேறு ஒன்றைச் சொன்னது. ஒதுக்கி வை என்றால் பக்கத்தில் விடாதே, தனியே கட்டு என்று சொல்லியிருக்கிறாய். அம்மை போட்ட வீட்டை ஒதுக்கி வைக்கிறோமே, அந்த ஒதுக்கு. பெரிய காளையின் கன்றைச் சின்ன வயிறு தாங்காது என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. நீ பிள்ளையாரைப் பிடிக்கச் சொல்ல நான் குரங்கைப் பிடித்துவிட்டேன். உன்மேலும் ஒரு சின்னக் கோபம் உண்டு, மறைக்கவில்லை, ஏன் என்று இன்னும் ஒரு வரி கூடப் போட்டிருந்தால் உன் மை தீர்ந்தா போயிருக்கும்? ஆனால் அந்தக் கோபமும் நிற்கவில்லை. உன் அம்மா அந்தப் பங்குனியிலேயே சொன்னாள், அந்தக் காளை நெஞ்சு உயரத்துக்கு இந்த மாடு நிக்குது, இது வயித்துல அது புள்ள எப்படிங்க அடங்கும், நீங்க சொமப்பீங்களா என்று கேட்டாள். பொம்பளைக்கு என்ன தெரியும், சர்க்கார் ஆபீஸிலிருந்து காகிதம் வந்திருக்கிறது என்று அவள் வாயை அடைத்தேன். அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது உயரமான கன்று, என் ஆசைக்கு எந்த அர்த்தம் தோதாக இருந்ததோ அதை உன் எழுத்துக்குள்ளே வைத்துப் படித்துவிட்டேன்.

இனிமேல் எழுதப்போவதை எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. மாடு செத்த அன்றைக்கு லயம் முழுக்க ஒரே பேச்சு, படிச்ச புள்ள எழுதின காயிதம் மாட்டைக் கொன்னுடுச்சு, அலமாக், இனி காயிதம் வந்தா கன்னுக்குட்டிக்கும் காட்டக்கூடாதுலா என்று சிரிக்கிறவனும் சிரித்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் என் காதுபடவே சொன்னார்கள். எட்டு நாள், சேகரா. எட்டு நாள் என் பிள்ளையின் பெயர் மண்ணில் புரள நான் தலையைக் குனிந்துகொண்டு, பாவம் அப்பன் என்ன செய்வான் என்று அவர்கள் காட்டிய பரிதாபத்தை வாங்கிக்கொண்டு இருந்தேன். உன் அம்மாதான் ஒன்பதாம் நாள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, பெத்த புள்ளைய வித்துத் தின்ன சோறு இறங்குதா என்று கேட்டாள். இறங்கவில்லை. எழுந்து நேரே செல்லத்தின் வீட்டுக்குப் போய், பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு நிறுத்தி, தப்பு என் பிள்ளை எழுத்தில் இல்லை, நான் படித்ததில் என்று சொல்லிவிட்டேன். வார்த்தையின் இரண்டு அர்த்தத்தையும் விளக்கினேன். செல்லம் கன்றுக்கு நான் கொட்டகையிலிருந்து கொடுத்த பாலைப் போத்தலில் புகட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் கேட்டுவிட்டு, காயிதத்துல இருந்தது எழுத்துதானே அண்ணே, என் மாடு எதுக்க நின்னுச்சே, அதைப் பாத்திருக்கலாமே என்றாள். குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிட்டு ஈன்று பால் வந்ததும் பாதி உன் பிள்ளைகளுக்கு என்று சொன்னேன், அதற்கு அவள், முதல்ல அது நல்லபடியா ஈனட்டும் என்று மட்டும் சொன்னாள்.

கன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காளைக்கன்று, சிவப்பு, நீளமான காது, கால் ஒவ்வொன்றும் உலக்கை மாதிரி. அழகுதான். முதலில் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒருநாள் வெறுப்பாக ஏதோ முனகினேன், செல்லம் உடனே, அதைக் கொறை சொல்லாதீங்க, அது கேட்டா வந்துச்சு என்றாள். அதுவும் நியாயம்தானே. தொரை வந்து பார்த்துவிட்டு ஆனந்தப்பட்டுப் போனார், தாய் செத்ததற்கு ஐயோ என்றார், கன்றைப் போட்டோ பிடித்தார். பிடித்துவிட்டு, லயத்தில் மிச்சம் இருக்கிற ஒரே குட்டைக் காளையையும் பொங்கல் கழிந்ததும் காயடித்துவிடு, இனி எல்லா மாட்டுக்கும் இந்தக் காளைதான் என்று உத்தரவு போட்டுவிட்டார். காயடிக்கிற ஆள் இந்தத் தோட்டத்தில் நான் ஒருவன்தான். அந்தக் குட்டைக் காளையும் போய்விட்டால் குட்டை மாடு வைத்திருக்கிற ஏழு வீட்டுக்கும் வேறு வழி இல்லை, ஒன்று மாடு மலடாக நிற்க வேண்டும், இல்லையென்றால் செல்லத்தின் மாடு போன வழியில் போக வேண்டும். கிராணியை வைத்துக்கொண்டு தொரையிடம் சொல்லிப் பார்த்தேன். உன் மவன்தான எழுதினான், அவன் மாத்திச் சொன்னா நான் மாத்துறேன் என்கிறார். அவரும் கெட்டவர் இல்லை, நல்ல மாடு வேண்டும் என்கிறார், நானும் அதையேதான் விரும்பினேன்.

உன் படிப்பை நான் குறை சொல்வதாக நினைக்காதே. பொறுக்கி எடுப்பது பாவம் என்றால் உன் அம்மா மிளகாய் விதைக்கு நல்ல பழமாகப் பார்த்துக் காயவைப்பதும் பாவம்தான். என் அப்பாவும் சுழி பார்த்து, மடி பார்த்துத்தான் கிடேரியை நிறுத்துவார். பொறுக்காமல் எந்தக் குடியானவன் பிழைத்தான்? ஆனால் மிளகாய்க்கு வலிக்காது. மாட்டில் பொறுக்கும்போது நாம் பாலைப் பார்க்கிறோம், கொம்பைப் பார்க்கிறோம், உயரத்தைப் பார்க்கிறோம், இதை எந்த உடம்பு சுமந்து எந்த உடம்பு வழியாக வெளியே வரப்போகிறது என்று பார்ப்பதில்லை. ஆசை நமக்கு, இடுப்பு அதற்கு. இதற்கு உங்கள் ஆபீஸ் புஸ்தகத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இல்லை என்றால் நீயாவது எழுதி வை. இன்னொன்றும் தோன்றுகிறது. ஒன்றரைப் போத்தல் கறந்தாலும் அந்தக் குட்டை மாடு இந்த மழைக்கும் அட்டைக்கும் ஈடுகொடுத்து லாலான் புல்லைத் தின்று உயிரோடு இருந்தது. பஞ்சாப் காளைக்கு இதுவரை மூன்று தரம் மருந்து ஊற்றிவிட்டேன். எல்லாவற்றையும் உயரமாக்கிவிட்ட பிறகு நமக்கு அந்தக் குட்டை வேண்டும் என்று தோன்றினால் எங்கே போய்த் தேடுவது? நான் தெரிந்துகொண்டு சொல்லவில்லை, கேட்கிறேன், நீ யோசித்துச் சொல்.

அதனால் நீ லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வா. காகிதம் போதாது, ஒரு காகிதம் செய்த வேலை போதும். பொங்கலுக்கு முன்னால் வந்து தொரையிடம் நீயே இங்கிலீஷில் பேசு, பெரிய மாட்டுக்குப் பெரிய காளை, குட்டை மாட்டுக்குக் குட்டைக் காளை இருக்கட்டும் என்று. அப்பா சொன்னதற்காகப் பேசாதே, நீ படித்ததற்கு அது சரி என்று பட்டால் பேசு. நீ வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குட்டைக் காளைமேல் நான் கை வைக்கப்போவதில்லை, கொட்டகை வேலை போனால் போகட்டும், இந்த வயதிலும் இரண்டு கை இருக்கிறது. பேசி முடித்ததும் திரும்பிவிடாமல் சிட்டு ஈனும்வரை இரு. தினமும் காலையில் அதன் இடுப்பை என் கையால் சாண் போட்டுப் பார்க்கிறேன், நேற்றுப் போட்ட அளவுதான் இன்றைக்கும், வயிறு மட்டும் பெருகிக்கொண்டே போகிறது. உள்ளே கன்று உதைப்பது வெளியே தெரிகிறது. அதற்கு ஒன்றும் தெரியாது, பாவம், நான் அளந்து முடிக்கிறவரை அசையாமல் நின்றுவிட்டு என் கையை நக்குகிறது. எனக்கு அழுகை வந்துவிடுகிறது சேகரா, வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

உன் அம்மா உன்னிடம் ஈரத் துணியோடு நிற்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி, ஓட்டல் மீனைச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லச் சொன்னாள். ரயிலில் வரும்போது பெட்டியைத் தலைக்கு வைத்துக்கொண்டு படு, கண்ட இடத்தில் இறங்கித் தேநீர் குடிக்காதே. நீ நல்ல பெயரோடும் நீண்ட ஆயுளோடும் இருக்க வேண்டும், உன் பெயரை எட்டு நாள் கெடுக்க விட்ட அப்பனை மன்னித்துக்கொண்டு இருக்க வேண்டும். மாரியம்மன் துணை.

மறக்காமல் ஒன்று செய். தைப்பிங் கடையில் மெத்தென்ற பருத்திக் கயிறு கிடைத்தால் பன்னிரண்டு முழம் வாங்கி வா. இங்கே இருக்கிற சணல் கயிறு செல்லத்தின் கன்றுக்குக் காலை அறுத்துவிட்டது, புண் இன்னும் ஆறவில்லை. சிட்டுவின் கன்றுக்கு அது வேண்டாம்.

இப்படிக்கு
உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா
ஐயாசாமி