முத்துப்பேச்சி வழக்கும் என் லேப்டாப்பின் வைஃபையும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்
ராஜபாளையம்

கால் கட்டைப் பிரிக்க இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவள் இவ்வளவோடு தப்பித்தேனே என்று நேற்றுவரை நினைத்திருந்தேன். இன்று அந்த நினைப்பும் போய்விட்டது.

மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் முத்துப்பேச்சி வழக்கு காணொளியில் வந்தது. "மை லார்ட்" என்று தொடங்கி, கிணற்றுப் பத்திரத்தைத் திரையில் திறந்தேன். நீதிபதியின் முகம் அப்படியே உறைந்து நின்றது. நான் பேசிக்கொண்டே இருக்கிறேன், ஒரு சொல்லும் அங்கே போகவில்லை. மறுபடி உள்ளே நுழைவதற்குள் அடுத்த வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் இன்னொரு முறை கூப்பிட்டார்கள். மறுபடியும் அதே இடத்தில் அறுந்தது. நீதிபதி கோபப்படவில்லை. நேரில் வர முடியாவிட்டால் மதுரையில் வேறு வக்கீலை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி 19ஆம் தேதிக்கு ஒத்திவைத்தார். அந்தக் கனிவுதான் அதிகமாகச் சுட்டது.

தேவதானத்தில் முத்துப்பேச்சிக்கும் அவள் கொழுந்தன் தங்கப்பாண்டியனுக்கும் ஒரே கிணறு. அவள் புருஷன் செத்த மறுமாதமே கொழுந்தன் மோட்டார் ரூமைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். வழக்கு முடியும்வரை தண்ணீர் கேட்ட எங்கள் மனு கீழ்க் கோர்ட் இரண்டிலும் தள்ளுபடி. இதுதான் கடைசிப் படி. இத்தனை வருடம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாதாடியிருக்கிறேன். மதுரைக்குப் போகும் வழக்கை எப்போதும் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். இதைத்தான் முதன்முதலாக நானே வாதாடுவது என்று எடுத்தேன்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். "ஜட்ஜய்யா என்ன சொன்னாவ வக்கீலம்மா?" வாய்தா என்றேன். "அம்புட்டுதானா" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 6, புதன்

இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுத்த வேல்பாண்டி வந்தார். என் நாற்காலியிலேயே உட்கார்ந்து தன் போனில் எங்கள் வைஃபையிலேயே கால்மணி நேரம் வீடியோ ஓட்டிக் காட்டினார். ஒரு திக்கல் இல்லை. "லைன்ல குறையே இல்ல மேடம். ஒங்க லேப்டாப்தான்" என்றார்.

இந்த லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். தம்பி ஆஸ்டின் போட்டுக் கொடுத்தது. ஆமையாக ஊர்ந்த பழைய பெட்டி அதற்குப் பிறகுதான் ஓடத் தொடங்கியது. அவன் கப்பலில் இன்ஜினியர், இப்போது நடுக்கடலில். அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக்தான் நிற்கிறது. பஜார் கடைக்காரர் லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போடச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் வேதசிரோமணி புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்கிறார்.

குற்றம் லினக்ஸ் மேல்தானா? யாரிடமும் சாட்சியம் இல்லை. எல்லோரும் தீர்ப்பு மட்டும் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கௌதம்ராஜ் மதுரையிலிருந்து பேசினார். எங்கள் ஊர்க்காரர்தான், நல்ல வக்கீல். "நீங்க ரெஸ்ட் எடுங்க மேடம், நான் பார்த்துக்கிறேன்" என்றார். உள்ளன்போடுதான் சொன்னார். ஆனால் அந்தக் கிணற்றுமேட்டில் நின்று வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தவள் நான். 16ஆம் தேதிக்குள் முடிவு சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போக முடியவில்லை. காலையிலிருந்து இன்டர்நெட்டில் வைஃபை பற்றிய படிப்பு. உலகம் முழுக்க இதே புலம்பலைப் புலம்பி வைத்திருக்கிறார்கள்! பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபை கார்டு அவ்வப்போது குட்டித் தூக்கம் போடுமாம். அந்தத் தூக்கத்தை நிறுத்த ஒரு சின்ன மாற்றம். எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன். லேப்டாப்பை அணைத்து மறுபடி போட்டேன்.

மத்தியானம் நாகர்கோவிலில் இருக்கும் அக்கா அக்சாவோடு வீடியோவில் பேச்சு. அவளுக்குப் பேச விஷயமா இல்லை? வெயில் சாயும்வரை பேசினோம். ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. ஜெயித்தாயிற்று. இவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பால்கோவா வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கௌதம்ராஜை நீதிபதியாக வைத்துக் காணொளியில் ஒத்திகை. பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அறுந்தது.

பால்கோவா பாதி அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஏன் இப்படிப் படுத்துது? அக்காகிட்ட மணிக்கணக்காப் பேசுனேன், ஒன்னும் ஆகல. வாதாட வாயத் திறந்தா மட்டும் அறுந்துபோகுது. நான் பேசுறது வழக்கா, வீட்டுக் கதையான்னு அதுக்கு எப்படித் தெரியும்? முடியாம கட்டிலில் கிடந்து அழுதேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தடவிவிட்டார்.

அழுது முடித்தபிறகு அந்தக் கேள்வியையே திரும்பக் கேட்டுப் பார்த்தேன். வேடிக்கையாகக் கேட்டதுதான். ஆனால் நல்ல கேள்வி. லேப்டாப்புக்கு வழக்கு தெரியாது. அப்படியென்றால் வாதாடும்போது நான் வேறு என்ன செய்கிறேன்?

வழக்குக் கட்டைத் திறக்கிறேன். கட்டு முழுவதும் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. அக்காவோடு பேசும்போது அது மேஜை டிராயருக்குள் கிடந்தது!

ஆகஸ்ட் 13, புதன்

காலையில் காபி குடித்த கையோடு விசாரணை. பிங் என்று ஒரு கட்டளை உண்டு. வைஃபை தரும் பெட்டியான ரவுட்டருக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் பதில் வந்ததா என்று திரையில் காட்டும். அதை ஓடவிட்டேன். வரிசையாகப் பதில். ஹார்ட் டிஸ்க் வயரை இடதுபக்கம் செருகினேன். பதில் தடுமாறி, நின்றே போனது. பிடுங்கினேன். வந்தது.

எனக்கு வேண்டியபடி நானே பார்த்துக்கொள்கிறேனோ என்று சந்தேகம். இவரைக் கூப்பிட்டு வயரைக் கையில் கொடுத்தேன். திரையில் பிங் தவிர வேறு எதுவும் தெரியாதபடி செய்துவிட்டு, நான் உங்களைப் பார்க்கமாட்டேன், உங்களுக்குத் தோன்றும்போது செருகுங்கள், சத்தம் காட்டாதீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பதில் நின்றது. "செருகிட்டீங்க" என்றேன். ஆமாம் என்றார். மறுபடி வந்தது. "எடுத்துட்டீங்க." ஒரு தடவை ஏமாற்றப் பார்த்தார், செருகுவதுபோல வயரை லேப்டாப்பில் உரசினார். பதில் வந்துகொண்டே இருந்தது. "இன்னும் இல்ல" என்றேன். மனிதர் அசந்துபோனார்.

பிறகு தேடினால் காரணமும் கிடைத்தது. இந்த மாதிரி வேகமான டிஸ்கும் வயரும் வேலை செய்யும்போது ஓர் இரைச்சலைக் கிளப்புமாம். காதுக்குக் கேட்காது. எங்கள் வீட்டு ரவுட்டர் பேசுகிற அதே அலைவரிசையில் அந்த இரைச்சல். பக்கத்திலேயே வைஃபை ஆன்டெனா. சந்தைக்கடையில் நின்று ரகசியம் பேசுவதுபோலத்தான். லினக்ஸ் நிரபராதி. லைன் நிரபராதி.

கட்டு முழுவதையும் லேப்டாப்புக்குள் நகல் எடுத்துவிட்டு, டிஸ்கைப் பிடுங்கி வைத்தேன். சாயங்காலம் ஒத்திகை. கடைசிப் பக்கம்வரை போனேன்.  கௌதம்ராஜ், "நீங்களே வாதாடுங்க மேடம். நான் கோர்ட் ஹால்ல சும்மா உட்கார்ந்திருக்கேன்" என்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஆஸ்டின் ஏதோ துறைமுகத்திலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறான். என்னவென்று பார்க்கட்டுமா என்று கேட்கிறான். பார்த்தாச்சு என்று பதில் போட்டேன். இந்த ஒரு சொல்லை எழுதுவதில் இருந்த சுகம்!

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இதை இன்றே எழுதியாக வேண்டும்.

முத்துப்பேச்சி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். கேமராவுக்குத் தெரியாத மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். வழக்கைக் கூப்பிட்டதும் நீதிபதி, "இன்று கேட்குமா?" என்றார். கேட்கும் என்றேன்.

கேட்டது. பத்திரத்தைத் திறந்தேன், கேட்டது. வரைபடத்தைத் திறந்தேன், கேட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணறே வரவில்லை என்றார். நீதிபதி என்னைப் பார்த்தார். பத்திரத்தின் கடைசிப் பத்தியைப் பெரிதாக்கித் திரையில் வைத்து, "கிணறும் மோட்டாரும் இருவருக்கும் சமபாத்தியம்" என்ற வரியை நிறுத்தி நிதானமாகப் படித்தேன். எதிர்த்தரப்பு இருமுறை குறுக்கிட்டது. விடவில்லை. நான் பாட்டுக்கு வாதாடிக்கொண்டே போனேன். கேள்விக்கு மேல் கேள்வி வந்தது, ஒவ்வொன்றுக்கும் என் கையில் பக்கம் இருந்தது. எத்தனை வருடமாக இந்த இடத்தை அடுத்தவர்களுக்குத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்!

கடைசியில் நீதிபதி சொன்னார்: பூட்டைத் திறக்க வேண்டும். வழக்கு முடியும்வரை முறைவைத்து இருவரும் தண்ணீர் இறைக்க வேண்டும். உத்தரவு இங்கிலீஷில் வந்ததால் முத்துப்பேச்சிக்குப் புரியவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை மூடிவிட்டுச் சொன்னேன்.

 அவள் அழவில்லை. "சாவிய இன்னிக்கே தருவானா?" என்று மட்டும் கேட்டாள். தரவில்லை என்றால் எனக்குப் போன் பண்ணு, போலீஸோடு வருகிறேன் என்றேன். "இந்தக் காலோடயா?" என்றாள். இருவரும் வாய்விட்டுச் சிரித்தோம். அடுப்படியில் இருந்த இவர் பதறி ஓடி வந்தார்.

செப்டம்பர் 19, வெள்ளி

கால் கட்டைப் பிரித்தாயிற்று. கம்பு ஊன்றி ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனேன். வக்கீல்கள் அறையில் ஐயாதுரை சார் தன் கட்சிக்காரரை அழைத்து வந்து என் எதிரில் உட்கார வைத்தார். மதுரையில் ஒரு வழக்கு, நீங்கள் வாதாட முடியுமா என்று கேட்டார். யாரிடம் கொடுக்கலாம் என்று யோசிக்கும் பழைய பழக்கம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. வழக்குக் கட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வீடு திரும்பும்போது பஸ்ஸிலிருந்து முத்துப்பேச்சிக்குப் போன் செய்தேன். பின்னால் மோட்டார் ஓடும் இரைச்சல், ஒரே பெண்கள் சத்தம். "நடவு நடக்கு வக்கீலம்மா, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டாள்.