டி டிரைவில் ஒரு விலாசம்

ஜூன் 11, செவ்வாய்

மதியம் நான் வேலை பார்க்கும் படிப்பகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெயக்கொடி. அனகாபுத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி செம்பாக்கம் வந்திருக்கிறாள், தனியாக, மடக்குக் கோலோடு. இருபத்தெட்டு வயது. நான்கு வருடமாகப் பார்வை குறைந்துகொண்டே வந்து, இப்போது வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியுமாம். ஜூலை 7 அன்று அலுவலக உதவியாளர் வேலைக்குக் கம்ப்யூட்டரில் தேர்வு. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.

“திரையப் படிச்சிக் காட்ற சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டுக் குடுங்கக்கா, அது போதும். கம்ப்யூட்டர் உள்ளயே ஒண்ணு கீது, ஆனா தமிழ் வந்தா ஊமையாயிடுது.”

பென் டிரைவ் சொருகக் கூடாதென்று செயலாளர் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதனால் இணையத்திலிருந்தே இறக்கினேன். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். கம்ப்யூட்டர் தமிழில் பேசியது! தினத்தாளைத் திறந்து வாசிக்க வைத்துப் பார்த்தோம். ராசிபலனில் அவளுக்கு “பயணத்தில் அனுகூலம்” என்று வந்தது. “ரெண்டு பஸ்லயும் நின்னுகினு வந்தேன்” என்றாள்.

ஜூன் 12, புதன்

காணோம். மென்பொருள் இல்லவே இல்லை.

அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். நான் தேடு தேடு என்று தேடினேன். நேத்துதானே போட்டேன், என் கையால போட்டேனே! எங்க போச்சு? மறுபடி போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேரம் வீண்.

ஜூன் 13, வியாழன்

இன்றும் காணோம். செயலாளர் சுப்ரமணியன் சாரிடம் கேட்டேன். அவருக்கு ஒரே பெருமை.

“அது நான் பண்ண ஏற்பாடு, யூனிஸ். பசங்க கேம்ஸ் போட்டு வைரஸ் வந்துடுத்து இல்லையா? இப்போ ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சி டிரைவ் பழையபடி ஆயிடும். யார் எதைப் போட்டாலும் காலையில சுத்தமா இருக்கும்.”

இந்த ஒன்றை மட்டும் நிரந்தரமாகப் போடலாமா என்றேன். ஒருவருக்குத் திறந்துவிட்டால் எல்லாரும் கேட்பார்களாம். கமிட்டியில் வைக்க வேண்டுமாம். கமிட்டி கூடுவது ஜூலை கடைசியில். தேர்வு 7ஆம் தேதி.

சி டிரைவ் பழையபடி ஆகும், சரி. அதே கம்ப்யூட்டரின் இன்னொரு பகுதி, டி டிரைவ்?

ஜூன் 15, சனி

டி டிரைவில் போன வருடத்துப் பொங்கல் விழாப் படங்கள் அப்படியே இருக்கின்றன. அப்படியானால் அங்கே எதுவும் அழிவதில்லை!

இன்று முதல் முறையாக நெக்ஸ்ட் அழுத்துவதற்கு முன் அந்தப் பெட்டியைப் படித்தேன். “எங்கே நிறுவ வேண்டும்?” என்று கேட்கிறது. பக்கத்திலேயே மாற்ற ஒரு பொத்தான். இருபது வருடமாக இது என்னைக் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் பதில் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறேன். வேறு எதையெல்லாம் இப்படிப் படிக்காமல் தாண்டினேனோ?

டி டிரைவைக் காட்டினேன். ஏற்றுக்கொண்டது.

ஜூன் 17, திங்கள்

பாதி வெற்றி. கோப்புறை இருக்கிறது. திறந்தால் ஏதோ பிழைச் செய்தி. பொருள்களை டி-யில் வைத்தாலும் தன்னைப் பற்றிய குறிப்புகளை சி-யில்தான் எழுதி வைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. குறிப்புகள் அழிந்ததும் தான் யாரென்றே அதற்குத் தெரியவில்லை.

ஜெயக்கொடி கோபப்படவில்லை. “அப்போ குறிப்பே எழுதாத மாரி எதுனா கீதா பாருங்கக்கா” என்றாள்.

பார்த்தேன். இருந்தது! முதல் பெட்டியிலேயே, அடியில், சின்ன எழுத்தில்: நிறுவாமல் ஒரு கோப்புறையில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்போதும் எங்கே என்று கேட்டது. டி-யில் ஓர் இடம் காட்டினேன்.

ஜூன் 18, செவ்வாய்

இருக்கிறது. பேசுகிறது. சார் இல்லாத நேரம் பார்த்து மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன்.

ஜூன் 25, செவ்வாய்

இந்த ஒரு வாரமும் நன்றாகவே போனது என்று நினைத்திருந்தேன். இன்று புத்தகம் திருப்ப ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். அவளிடம் போக இருபது நிமிடம் ஆகிவிட்டது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

“நீங்க நல்லவங்கதான்க்கா. ஆனா நீங்க வந்து தெறக்கற வரிக்கும் நான் சும்மா குந்திகினு கீறேன் பாருங்க, அதான் பேஜாரா கீது. நீங்க லீவு போட்டா?”

சுருக்கென்றது. அவள் சொல்வது சரிதானே.

“எங்க வெச்சிகீறீங்க அத? முழு விலாசமும் சொல்லுங்க.”

படித்துக் காட்டினேன். டி டிரைவ், அதில் ‘யூனிஸ் முக்கியம்’, அதில் ‘நியூ ஃபோல்டர் 3’, அதற்குள் நீளமாக ஒரு பெயர், கடைசியில் பதிப்பு எண். எல்லாம் ஆங்கில எழுத்தில். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தினால் ஒரு பெட்டி வருமாம். விலாசத்தை அதில் அடித்தால், எங்கே இருந்தாலும் திறக்குமாம். பார்வை இருந்தபோது கற்றது.

“ஆனா இவ்ளோ நீட்டு விலாசத்துக்குத் தபால்காரரே வரமாட்டார்க்கா.”

இடத்தை மாற்றினோம். டி டிரைவில், எதற்குள்ளும் இல்லாமல், நேரே ஆங்கில எழுத்தில் ‘கே’ என்று ஒரு கோப்புறை. மென்பொருளைத் திறக்கும் கோப்புக்கு ‘வி’ என்று பெயர். சாய்கோடு எங்கே என்று விரலால் தடவித் தேடினாள், என்டருக்கு மேலே. மொத்தம் ஆறு விசை தட்டினால் போதும். முதல் முறை தப்பு. இரண்டாம் முறையும் தப்பு. மூன்றாம் முறை ஹெட்போனுக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் எனக்கும் கேட்டது. அவள் என் முழங்கையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

ஜூலை 2, செவ்வாய்

பல் பிடுங்கத் தாம்பரம் போனதில் படிப்பகத்துக்கு நான்கு மணிக்குத்தான் போனேன். வாசலிலேயே சார் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணு வந்தது. உதவி பண்ணலாம்னு நான் எழுந்திருக்கறதுக்குள்ள கம்ப்யூட்டரைப் பேச வெச்சுடுத்து. பாஸ்வேர்டு ஏதாவது குடுத்தேளா?”

வாயில் பஞ்சு. தலையை ஆட்டி இல்லை என்றேன். டி டிரைவைத் திறந்து காட்டினேன். என்னைத் திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். திரைக்கருகே குனிந்து அந்த ஒற்றை எழுத்தைப் பார்த்தார்.

“இதுல மட்டும்தான் இருக்கா? வேற யாராவது இந்த இடத்துல உட்கார்ந்திருந்தா அந்தப் பொண்ணு என்ன பண்ணும்?”

மற்ற இரண்டு கம்ப்யூட்டரிலும் அதே இடத்தில், அதே எழுத்தில், அவரே வைத்தார்.

ஜூலை 8, திங்கள்

நேற்று தேர்வு எழுதிவிட்டாள். தட்டச்சில் இரண்டு தப்பு என்று அவளே சொன்னாள். இரண்டும் ‘ழ’வாம்.

செப்டம்பர் 19, வியாழன்

ஜெயக்கொடி மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டாள். தேர்வில் தேறி, கிண்டியில் வேலைக்குச் சேர்ந்து இன்று நான்காம் நாள். ஜன்னல் பக்கத்து மேசை, முகத்தில் வெயில் படுகிறதாம், மாற்ற வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். காலையில் அலுவலகத்துக் கம்ப்யூட்டர்காரர் வந்து அவளுக்கான மென்பொருளைப் போட உட்கார்ந்திருக்கிறார்.

“பாதியில நிறுத்தி, ‘மேடம், இத எங்க போடட்டும்?’னு என்னியே கேட்டார்க்கா.”

“நீ என்ன சொன்னே?”

“‘அவசரப்படாதீங்க சார், இன்னா இன்னா எடம் கீதுன்னு மொதல்ல படிங்க’ன்னேன்.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக அவளுக்குப் படித்துக் காட்டினாராம்.