கேள்வி உனக்கு, பதில் எனக்கு

மே 3

என் கேள்விக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நலமாக இல்லாமலா அந்த மெழுகுக்காரியுடன் இந்தோனேசியாவுக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கிறாய்? எனக்குச் சொன்னது யார் தெரியுமா? நம் மேனேஜர். "என்னம்மா, கேள்வி கெளம்பிடுச்சு, பதில் பேரனுக்குத் துணி மடிச்சிட்டிருக்கா?" என்று போனில் சிரிக்கிறார்.

பல் செட் செய்யும் அந்தக் கூடத்தில், ஆறு வருடம், சாப்பாட்டு நேரத்தில், மெருகேற்றும் மேஜையில் உட்கார்ந்து இந்தோனேசிய மொழி படித்தது நீயும் நானுமா, நீயும் அவளுமா? நீ கேள்வி கேட்பாய். நான் பிளாஸ்டர் தாடை அச்சை இரண்டு கையிலும் பிடித்து, படகுக்காரனாகவும் விடுதிக்காரியாகவும் வாயசைத்துப் பதில் சொல்வேன். அதில் வந்த பெயர்தானே இருவருக்கும்! சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்க்காத சின்னத் தீவுகளுக்கு நாம் போவோம் என்றாய். நேற்று வந்து மெழுகு வைக்கிறவளுக்கு என் இடமா?

வயிறு எரிகிறது. மறைக்க மாட்டேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், மகளின் குழந்தை வேறு எழுந்துவிடும். அதனால்தான் கடிதம்.

பதில்

மே 9

அன்புள்ள பதில்,

உன் வயிற்றெரிச்சல் உறையைத் தாண்டிச் சுட்டது. பேரன் எப்படி இருக்கிறான்? மூக்கு உன்னுடையதா?

நான்கு முறை நாள் குறித்தோம். முதலில் உன் வீட்டுக்கு வெள்ளையடிப்பு, அப்புறம் மகள் கல்யாணம், அப்புறம் முழங்கால், இப்போது பேரன். ஒவ்வொரு முறையும் அந்தத் தாடையைத் திறந்து "பெலும்" என்றாய். 'இன்னும் இல்லை' என்பதற்கு அவர்களிடம் எவ்வளவு இதமான சொல்! ஆறு வருடம் கேட்டால் அதுவும் புளித்துப்போகிறது. எனக்குப் பணி ஓய்வு வந்துவிட்டது. தனியாகப் போகப் பயம். அவள் "நான் வரேன்க்கா" என்றாள், அவ்வளவுதான்.

ஒரு உதவி. கேள்விகள் என் நோட்டில் இருக்கின்றன. பதில்கள் எல்லாம் உன் நோட்டில். அனுப்பி வைப்பாயா?

கேள்வி

மே 14

கேள்விக்கு,

நோட்டு தர மாட்டேன். ஊர் சுற்ற அவள், பதிலுக்கு மட்டும் நானா? இளசுதானே, காது கூர்மையாக இருக்கும். அவளே கேட்டுச் சொல்லட்டும்.

இன்னொன்று. கப்பலுக்கு அவர்கள் மொழியில் 'கப்பால்' என்று படித்த அன்று, "நம்ம சொல்லை எடுத்துட்டுப் போய் நமக்கே சொல்லித் தராங்கடி" என்றேன். நீ சிரித்துப் புரையேறி, நான்தான் தலையில் தட்டினேன். அதை அவளிடம் சொல்லாதே. அது என்னுடையது.

போய் வா.

பதில்

ஜூன் 8

அன்புள்ள பதில்,

சந்தோஷப்படு. படகுத்துறையில் போய், "அடா கப்பால் ஹரி இனி?" இன்று படகு உண்டா என்று கேட்டேன். உச்சரிப்பு அத்தனை சுத்தம் போலிருக்கிறது, டிக்கெட் கொடுக்கும் அம்மா மடை திறந்த மாதிரிப் பேசினார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆறு வருடமும் கேட்க மட்டும்தானே பழகினேன். பதில் வரும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். புரிந்தவள் மாதிரித் தலையாட்டிவிட்டு, பெட்டியின் மேல் ஏழு மணி நேரம் உட்கார்ந்தோம். படகு வியாழக்கிழமைதானாம்.

மறுநாளே மெழுகுக்காரி, "அக்கா, எனக்கு நீச்சல் குளம் இருக்கிற ஊரே போதும்" என்று கிளம்பிவிட்டாள்.

நான் இங்கேயே இருக்கிறேன். எங்கே போகிறாய், சாப்பிட்டாயா, எத்தனை பிள்ளைகள் என்று தெருவே கேட்கிறது. இங்கே கேள்வி கேட்பது அவர்கள், ஊமையாக நிற்பது நான். டிக்கெட் அம்மாவின் பல் செட் ஈறில் உரசிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்து கொடுத்தேன். அன்றிலிருந்து அவர்தான் தினமும் மாலையில் எனக்குப் பதில் சொல்லப் பழக்குகிறார்.

கேள்வி

ஜூன் 20

கேள்விக்கு,

மெழுகுக்காரி போனதைப் படித்ததும் பேரனைத் தூக்கிக்கொண்டு வீட்டை மூன்று சுற்று வந்தேன். அந்தச் சந்தோஷம் அடுத்த பத்தி வரைதான். அங்கே டிக்கெட் அம்மா வந்து நிற்கிறாள். அவளுக்கு என் வேலையா? போதாததற்குப் பல் செட்டை வேறு தேய்த்துக் கொடுத்திருக்கிறாய்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதில் தெரியாமல் நீ திருதிருவென்று விழிப்பாய் என்று தெரிந்துதான் நோட்டைத் தரவில்லை. நான் இல்லாமல் முடியாது என்று திரும்பி வந்துவிடுவாய் என நினைத்தேன். ஏழு மணி நேரம் பெட்டியின் மேல் என்று படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

நோட்டு இத்துடன் வருகிறது. எல்லாப் பதிலும் இருக்கிறது. அவளிடம் இனிப் படிக்க வேண்டாம்.

பதில்

ஜூலை 2

அன்புள்ள பதில்,

நோட்டு வந்தது. உன் எண்ணெய்க் கை ரேகையெல்லாம் பார்த்தேன். ஆனால் அதிலிருந்து படிக்க எனக்கு ஒன்றும் மிச்சமில்லை. படகு எப்போது, அறை எங்கே காலி, எல்லாம் கேட்டால் புரிகிறது. கல்யாணம் ஆயிற்றா என்கிறவர்களுக்கு "பெலும்" என்கிறேன். இந்த வயதில் 'இன்னும் இல்லை'யா என்று கடைத்தெருவே சிரிக்கிறது.

ஆகவே எனக்குப் பதில் சொல்ல இனி ஆள் தேவையில்லை. எழுதச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். படகில் என் பக்கத்தில் நீ இல்லை, அது மட்டும்தான் குறை. நேற்று ஒரு சின்னத் தீவைப் பார்த்து, "அங்க பாருடி" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஒரு அரிசி மூட்டை.

இன்னும் ஒரு மாதம் இருப்பேன். நம் நோட்டில் இல்லாத கேள்வி ஒன்று இங்கே உண்டு. படகு கிளம்பும்போது கரையில் நிற்கிறவர்களைப் பார்த்துக் கேட்கிறார்கள்: "இக்குட்?" கூட வருகிறாயா? வருவதென்றால் அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும்.

கேள்வி

ஜூலை 11

என் கேள்விக்கு,

மகளிடம் சொன்னேன். "பையன் தவழட்டும்மா, அப்புறம் போயேன்" என்றாள். 'பெலும்' நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "அவன் தவழ்றதுக்குள்ள வந்துடுவேன்" என்றேன்.

இம்மாதக் கடைசி வியாழக்கிழமைப் படகில் சேர்ந்து ஏறுவோம். துறைக்கு நீ மட்டும் வா. அந்த அம்மாவின் பல் செட்டை நானே ஒருமுறை பார்க்க வேண்டும். நீ எப்போதும் இடது பக்கம் அதிகமாகத் தேய்த்துவிடுவாய்.

இக்குட்.

பதில்